இருபத்திரண்டு மாதம் வரவில்லை

கடைசியாக எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆயுத பூஜை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் என்று சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணி, இருபத்திரண்டு மாதம் என்று எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் அம்மா மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த எண் அவளுக்கு அப்போதுதான் தெரியும். நானும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

நான் ஓட்டக்காரி. ஐயாயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவார். நான் சின்னவளாக இருந்தபோதுதான் அவர்கள் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒரு ஏக்கர். மற்றவர்கள் வயலில் வேலை முடித்து வந்து எங்கள் வயலிலும் வேலை செய்தார்கள். ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டப் போட்டியில் ஜெயித்து, தஞ்சாவூர் விளையாட்டு விடுதியில் சேர்ந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கும் என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு ஓடினேன்.

பதினாலு வயதில் நான் பெரியவளானேன். ஒரு வருஷம் மாதாமாதம் வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போனது. பதினேழு வயதில் நின்றுவிட்டது. அது எனக்குக் கவலையாக இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சந்தோஷமாகவே இருந்தது. விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. போட்டியன்று வந்துவிடுமோ என்று மற்றப் பெண்கள் பயந்துகொண்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை. மாதம் ஒன்று விடுதியில் கொடுக்கும் நாப்கின் பாக்கெட்டை பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிடுவேன். உனக்கு அதிர்ஷ்டம் என்பாள். கடுமையாகப் பயிற்சி செய்கிறவளுக்கு அப்படித்தான் நிற்கும், நின்றால்தான் உடம்பு தயாராக இருக்கிறது என்று எங்களுக்குள் ஒரு பேச்சும் இருந்தது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது.

எங்கள் கோச் கெட்டவர் இல்லை. காலை நாலரைக்கு மைதானத்துக்கு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். காய்ச்சல் என்றால் தன் சொந்த ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். சனிக்கிழமைகளில் எடை பார்ப்பார். ஒரு கிலோ கூடினால் கடைசிச் சுற்றில் அது கால் கிலோமீட்டர் தூரம் பின்னால் இழுக்கும் என்று சொல்வார். எப்படிக் கணக்குப் போட்டார் என்று நாங்கள் கேட்டதில்லை. முதலில் இரவுச் சோற்றை நிறுத்தினேன். பிறகு மதியம் ஒரு கரண்டிச் சோறு, மற்றபடி முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய். காலையில் நாலு இட்லி இரண்டானது. ஓட்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. மாநிலப் போட்டியில் வெண்கலம் வாங்கினேன். எல்லாம் சரியாகப் போவதாகத்தான் தோன்றியது.

ஆடி மாதம் நாலு நாள் விடுமுறையில் ஊருக்குப் போனபோதுதான் அம்மா கண்டுபிடித்தாள். என் துணிகளைத் துவைக்க எடுத்தவள், பையின் அடியில் நான் யாருக்கும் கொடுக்காமல் விட்டிருந்த, பிரிக்காத இரண்டு நாப்கின் பாக்கெட்டுகளைப் பார்த்திருக்கிறாள். தலைக்கு ஊற்றி எத்தனை நாளாச்சு என்று கேட்டாள். ரொம்ப நாளாய் வரவில்லை என்று சாதாரணமாகச் சொன்னேன். அவள் துணியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். மறுநாள் காலையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு, தஞ்சாவூர் போகலாம் கிளம்பு என்றாள். மன்னார்குடி பக்கத்தில்தான் இருந்தது. அங்கே தெரிந்த முகங்கள் இருக்கும் என்பதால் தஞ்சாவூர்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் வழக்கம்போல நின்றுவிட்டது. கூட்ஸ் வண்டி இஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தது. முறுக்கு விற்கிறவர் ஏறி இறங்கினார். பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி வெளியே நின்றார்கள். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"யாருடி?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. யாருமில்லம்மா என்றேன்.

"நான் அடிக்க மாட்டேன். அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லு, போதும்."

"சத்தியமா யாருமில்லம்மா. ஓடுறதால நின்னுபோச்சு. அங்க நெறயப் பேருக்கு இப்படித்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட் திறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் எதையெல்லாம் யோசித்திருப்பாள் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. நான் பார்ப்பதற்கு எலும்பும் தோலுமாக இருந்தேன். வயிறு ஒட்டிக் கிடந்தது. அப்படியும் அவளுக்கு அந்த ஒரு காரணம்தான் தோன்றியது. அவளைக் குறைசொல்ல முடியாது. மாதம் வரவில்லை என்பதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் சிறுநீர்ப் பரிசோதனைதான் செய்தார்கள். இல்லை என்று வந்தது. அம்மா அந்தச் சீட்டை இரண்டு முறை நர்ஸிடம் காட்டிக் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகுதான் டாக்டரிடம் போனோம், அவர் மாதங்களை எண்ணினார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஹார்மோன் குறைவாக இருக்கிறது, மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றார். எவ்வளவு ஓடுகிறாய் என்று கேட்டார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது.

மருந்துக் கடையில் கொடுத்த அட்டையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. ஊரில் நர்ஸம்மா கல்யாணமான பெண்களுக்குக் கொடுக்கும் அட்டையைப் போலவே இருந்தது. இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைதானே என்று கடைக்காரரிடம் கேட்டாள். அதற்கும் கொடுப்பார்கள், இதற்கும் கொடுப்பார்கள் என்று அவர் காகிதத்தில் சுற்றித் தந்தார். அம்மா அதைக் கையிலிருந்த பையின் அடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தாள். அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு என்று இப்போது தோன்றுகிறது. நான் டீயைக் குடித்துவிட்டுப் பன்னை வேண்டாம் என்றேன். எடை கூடிவிடும் என்றேன்.

மாத்திரை இருபத்தொரு நாள், பிறகு ஏழு நாள் இடைவெளி. இடைவெளியில் ரத்தம் வந்தது. கடிகாரம் வைத்தது மாதிரி வந்தது. அம்மாவுக்கு நிம்மதி. ஒவ்வொரு மாதமும் போனில் வந்துடுச்சா என்று கேட்பாள், வந்துவிட்டது என்பேன், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நோய் தீர்ந்தது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நான் முன்பைவிட அதிகமாக ஓடினேன். புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய்க் கரையில் காலையில் இருபது கிலோமீட்டர், மாலையில் மைதானத்தில் வேக ஓட்டம். சாப்பாடு மட்டும் அதேதான்.

இருபது வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்தது. ஐஸ் வைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், மூன்று வாரம் ஓய்வு. மறுபடி ஓடினேன். அடுத்த வருஷம் இடுப்புக்குப் பக்கத்தில், தொடை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு வலி. ஓட ஆரம்பித்தால் வரும், நின்றால் போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாநிலப் போட்டிக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தப் போட்டியில் பத்தாயிரம் மீட்டரில் பதினேழாவது சுற்றில் என் இடது கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல ஆனது. விழவில்லை. மெல்ல ஓரமாக ஒதுங்கிப் புல்லில் உட்கார்ந்தேன். ஒரு சுற்று முடிந்து முன்னால் ஓடியவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் என்றார்கள். இன்னும் நாலு சுற்று ஓடியிருந்தால் முழுதாய் உடைந்திருக்கும், ஸ்க்ரூ வைத்திருக்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குக் காலை ஊன்றக் கூடாது. ஊன்றுகோல்களோடு ஊருக்கு வந்தேன். சம்பா நடவு நேரம். நடவுக்கு ஆள் கிடைக்காமல் எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். அம்மா என்னைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதற்காக வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். எங்கள் கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருந்தது. மழை பெய்து சேறாகக் கிடக்கும். ஊன்றுகோல் புதையும். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் தத்திப் போவேன். போய்வந்து போய்வந்து இரண்டு பேருக்கும் அலுத்துப்போயிருந்தது.

இருபத்தொரு வயதில் ஏன் இப்படி விரிசல் விடுகிறது என்று எலும்பு டாக்டருக்குச் சந்தேகம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சட்டை, பாவாடையோடு படுத்தால் போதும், இயந்திரத்தின் கை மேலே நகர்ந்து போய் வரும், வலியில்லை. முடிவைப் பார்த்துவிட்டு ஹார்மோன் டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். அம்மாவின் வயதுதான் அவருக்கும் இருக்கும். மேஜையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பாதி சாப்பிட்டபடி இருந்தது. என் காகிதங்களை எல்லாம் முதலிலிருந்து படித்தார். பிறகு நேற்று முழுவதும் நான் என்ன சாப்பிட்டேன் என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அவர் சொன்னது இதுதான். ஓடுவதற்கே போதாத சாப்பாட்டைச் சாப்பிட்டால், உடம்பு அவசியமில்லாததாகத் தோன்றும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். முதலில் நிறுத்துவது கர்ப்பப்பையின் வேலையை. அந்த வேலையை நடத்தும் ஹார்மோன்தான் எலும்பையும் காக்கிறது. அது இல்லாவிட்டால் எலும்பு கரையும். அதிலும் பதினேழு, பதினெட்டு வயது என்பது எலும்பு சேர்த்துவைக்கிற வயது. நான் சேர்க்க வேண்டிய நேரத்தில் செலவழித்திருக்கிறேன்.

"மாத்திரையிலதான் மாசாமாசம் ஒழுங்கா வந்துச்சேங்க," என்றாள் அம்மா.

"அது மாத்திரையை நிறுத்துறதால வர்ற ரத்தம்மா. இந்தப் பொண்ணோட உடம்பு தானா வரவெச்சது இல்ல. உள்ள நின்னது நின்னபடிதான் இருந்துருக்கு. வெளிய வந்ததைப் பாத்து நாமெல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டோம். எலும்புக்கு அந்த மாத்திரை பெருசா ஒண்ணும் செய்யல."

"அப்ப இத்தன நாள் போட்டது வீணாங்க?"

"வீண்னு சொல்ல மாட்டேன். இதுக்கு அது மருந்து இல்ல."

அம்மா தலைகுனிந்துகொண்டாள். இரண்டு வருஷமாக அந்த அட்டைகளை யார் கண்ணிலும் படாமல் வாங்கி அனுப்பியது அவள்தான். டாக்டர், வீட்டில் நெல் விளைகிறதா என்று கேட்டார். மூன்று மா குத்தகைக்குச் செய்கிறோம் என்றாள் அம்மா. அப்படியானால் முதல் மருந்து அதுதான் என்று சொல்லி, சீட்டில் மருந்து எழுதும் இடத்தில் மூன்று வேளை சோறு என்று தமிழில் எழுதினார். கீழே பால், முட்டை, மீன், கால்சியம், வைட்டமின் டி. பழைய மாத்திரை நிறுத்தம். ஓட்டம் நிறுத்தம்.

ஓடுவதைவிடச் சாப்பிடுவது கஷ்டமாக இருந்தது. இதை ஓடாதவர்களுக்குப் புரியவைக்க முடிவதில்லை. தட்டில் சோறு மலையாகத் தெரியும். இரண்டாவது தடவை போடும்போது பயம் வரும். அழுதுகொண்டே சாப்பிட்டிருக்கிறேன். வயலில் நாள்முழுக்கக் குனிந்து நின்றுவிட்டு வந்த அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சோற்றைப் பார்த்து அழுகிற ஒரு பெண்ணை அவள் எப்படிப் புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. ஒருநாள் மட்டும், சோத்தப் பாத்து அழற கொடுமைய இந்த வீட்லதான் பாக்குறேன் என்று முணுமுணுத்துவிட்டு எழுந்துபோனாள்.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ கூடினேன். மாதம் வரவில்லை. அப்போதுதான் டாக்டர் ஹார்மோன் ஜெல் எழுதினார். உடம்பில் இயல்பாகச் சுரப்பது போன்ற ஹார்மோன்தான், தோல் வழியாக நேராக ரத்தத்தில் சேரும், எலும்புக்கு இது உதவும் என்றார். கூடவே மாதத்தில் பன்னிரண்டு நாள் இன்னொரு மாத்திரை, கர்ப்பப்பையின் பாதுகாப்புக்கு. ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜெல்லை மட்டும் நம்பினால் பயனில்லை என்று மூன்று முறை சொன்னார்.

சாயங்காலம் குளித்துவிட்டு இரண்டு தொடைகளிலும் தடவிக்கொண்டு காயும்வரை இருக்க வேண்டும். மற்றவர்கள் தோலில் படக்கூடாது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அக்காமார் இருவரும் கல்யாணமாகிப் போயிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எதுதான் காயும்? கதவைச் சாத்திக்கொண்டு பாவாடையைத் தூக்கிப் பிடித்து மின்விசிறிக்குக் கீழே நிற்பேன். அப்பாவும் அம்மாவும் வெளியே தாழ்வாரத்தில் காத்திருப்பார்கள். அப்பாவுக்கு என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. கால் வலிக்கு மருந்து என்று அம்மா சொல்லியிருக்கலாம். அவர் எதுவும் கேட்டதில்லை. மழைநாளில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, ஈரத் துண்டோடு, நான் கதவைத் திறக்கும்வரை நின்றுகொண்டிருப்பார்.

கோச் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கி வந்திருந்தார். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டார். அம்மா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, நிலைப்படியில் நின்றபடி, எனக்கு மாதம் வராமல் நின்றுபோனது அவருக்குத் தெரியுமா என்று நேராகக் கேட்டாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியாதும்மா. பொம்பளப் புள்ளைங்ககிட்ட நான் எப்படிம்மா கேக்குறது? கேட்டா தப்பாப் போயிடும்னு விட்டுட்டேன்."

அதில் பொய் எதுவும் இல்லை. நானும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் போனபிறகு அவர்மேல் கோபப்பட முயற்சி செய்தேன். அதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

அடுத்த கோடையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் நடந்தது. குதிகாலை ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சீட்டில் குறித்துத் தருவார்கள். வயதான பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மா வற்புறுத்தியதால் நானும் நின்றேன். அவளுக்கு மஞ்சள். எனக்கும் மஞ்சள். அம்மா இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"நான் மூணு புள்ள பெத்தேன். நாப்பது வருசமா நாத்துக்கட்டு தூக்குறேன். எனக்குத் தேஞ்சா நியாயம் இருக்கு. உனக்கு எதுக்குடி?"

பதில் சொல்லும்படி அவள் கேட்கவில்லை. இரண்டையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

ஜெல் ஒன்றே முக்கால் வருஷம் ஓடியது. பிறகு டாக்டர், உடம்பு தானாக எழுகிறதா என்று பார்க்கலாம் என்று நிறுத்தச் சொன்னார். முதல் மாதம் இல்லை. இரண்டாவது மாதமும் இல்லை. மூன்றாவது மாதம், நான் திருவாரூரில் உடற்கல்விப் படிப்புக்கான பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் பழைய வலி தெரிந்தது. கூடுதல் தாள் கேட்கிற சாக்கில் எழுந்து நின்று பார்த்தேன். சந்தேகமில்லை. பரீட்சையை முடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் வயலில் இருந்தாள். பின்னால் பெண்கள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. வந்துடுச்சும்மா, மாத்திரை இல்லாம, என்றேன். சரி, வெயிலா இருக்கு, பாத்து வா என்று வைத்துவிட்டாள். பெரிய சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாப்கின் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி ஊர் வரும்வரை தூங்கினேன்.

அதற்கடுத்த ஸ்கேனில் இடுப்பு எலும்பு கொஞ்சம் தேறியிருந்தது. முதுகெலும்பு அவ்வளவாக இல்லை. போன வருஷங்களை முழுதாகத் திரும்ப வாங்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். மறுபடி ஓடிப் பார்த்தேன். நான்கு மாதம். வேகம் வரத் தொடங்கியதும் இரவுச் சோற்றைக் குறைக்கலாமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அதைக் கவனித்த அன்றே நிறுத்திக்கொண்டேன். ரயில்வே, போலீஸ் எதுவும் கிடைக்கவில்லை. திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு முப்பது வயது முடிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறேன்.

ஏன் ஓட்டத்தை விட்டீர்கள் என்று கேட்கிறவர்களிடம் காலில் அடிபட்டது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை மட்டும் ஆசிரியர் அறையில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வந்து உட்கார்ந்து, கல்யாணத்துக்கு ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அக்கறையோடுதான் கேட்டாள். எலும்பைப் பற்றி, சோற்றைப் பற்றி, அந்தப் பதினேழாவது சுற்றைப் பற்றி அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எனக்கு அசதியாக இருந்தது. ஒன்றும் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பீரியடுக்கு மணி அடிக்கும்வரை வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.